அழைக்காத ஓசை

சென்ற ஆடி மாதம் நெல்லியாளத்தில் பத்து நாள் தங்கியிருந்தேன். ஊட்டி, குன்னூர் என்றால் எல்லோருக்கும் தெரியும். நெல்லியாளம் என்றால், "அது எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். அதுவும் நீலகிரி ஜில்லாதான். கூடலூரிலிருந்து தேவாலா வழியாகப் பந்தலூர் போகிற பஸ்ஸில் ஏற வேண்டும். வயநாட்டின் தோளில் சாய்ந்துகொண்டிருக்கிற பூமி. ஊட்டிக்குக் குளிர் எப்படியோ, இந்தப் பக்கத்துக்கு மழை அப்படி. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து சுமந்து வருகிற சரக்கில் பெரும் பங்கை இங்கேதான் இறக்கிவைக்கிறது. ஆடியில் சூரியனைப் பார்த்தேன் என்று சொல்கிறவனை ஊரார் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

அங்கே என் நண்பர் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியராக இருக்கிறார். "நாவலை முடிக்க முடியவில்லை என்று புலம்புகிறாயே, இங்கே வந்து உட்கார். மழை உன்னை வெளியே விடாது. வேறு வழியில்லாமல் எழுதுவாய்" என்றார். போனேன். மழை என்னை வெளியே விடவில்லை என்பது உண்மை. ஆனால் நான் எழுதவும் இல்லை.

அதற்குக் காரணம் நண்பருடைய மகன். கோயம்புத்தூரில் காலேஜில் படிக்கிறவன், இரண்டு நாள் லீவில் வந்திருந்தான். "மாமா, நீங்க பழைய பாட்டுத்தானே கேப்பீங்க? இதையும் கேட்டுப் பாருங்களேன்" என்று சொல்லி, ஒரு பட்டியலும் தன் ஹெட்போனும் கொடுத்துவிட்டுப் போனான். பட்டியலில் இரண்டு வகை இருந்தன. ஒன்றுக்கு 'ஆம்பியன்ட்' என்று பெயர். சூழல் இசை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். மற்றொன்று 'போஸ்ட் ராக்'. கிதாரும் டிரம்மும் வைத்துக்கொண்டு, பாட்டில்லாமல், மலையடிவாரத்திலிருந்து மேகம் ஏறி வருவதுபோல மெள்ள மெள்ள ஏறி, உச்சியில் ஒரே பெருமழையாய்க் கொட்டுகிற இசை.

எனக்கு வார்த்தையில்லாத சங்கீதம் புதிதல்ல. 1986-ல் இளையராஜா 'ஹௌ டு நேம் இட்' என்ற தொகுப்பை வெளியிட்டார். அந்தக் காஸெட் தேயத் தேயக் கேட்ட வீடு எங்கள் வீடு. ஆனால் அதிலே ராகம் இருந்தது, தாளம் இருந்தது, காது பின்தொடர்ந்து போக ஒரு பாதை இருந்தது. இந்தச் சூழல் இசையில் பாதை கிடையாது. ஒரு ஸ்வரம் வருகிறது, நிற்கிறது, கரைகிறது. இன்னொன்று வருகிறது. ஆரம்பம் எது, முடிவு எது என்று சொல்ல முடியாது. முதல் நாள் கேட்டபோது, "கச்சேரி எப்போது ஆரம்பிக்கும்?" என்றுதான் காத்திருந்தேன். இரண்டாம் நாள் காத்திருப்பதை விட்டுவிட்டேன். அப்போதுதான் அது பிடிபட்டது.

இந்த இசை பிறந்த கதையே ரசமானது. பிரையன் ஈனோ என்ற ஆங்கிலேயர் 1975-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் லண்டனில் ஒரு டாக்ஸியில் அடிபட்டு, படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த சிநேகிதி ஒருத்தி பழைய யாழ் இசைத் தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் தட்டுத் தடுமாறி எழுந்து, தட்டைச் சுழலவிட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டார். சத்தம் மிகவும் குறைவாக வைக்கப்பட்டிருந்தது. இரண்டு ஒலிபெருக்கிகளில் ஒன்று வேலை செய்யவும் இல்லை. மறுபடி எழுந்துபோய்ச் சரிசெய்ய உடம்பில் தெம்பில்லை. வெளியே மழை. யாழின் ஸ்வரங்களில் பாதி மழையில் மூழ்கிப்போய், மீதி மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாய்த் தலைகாட்டின. எரிச்சலோடு கிடந்தவருக்குச் சற்று நேரத்தில் ஓர் எண்ணம் தோன்றியது. சங்கீதத்தை இப்படியும் கேட்கலாமே! விளக்கொளியைப்போல, மழைச் சத்தத்தைப்போல, அறையில் இருக்கும் பல பொருள்களில் ஒன்றாக அது இருக்கலாமே! அந்த எண்ணத்திலிருந்து அதே ஆண்டில் 'டிஸ்கிரீட் மியூசிக்' என்ற தட்டு வந்தது. 1978-ல் 'மியூசிக் ஃபார் ஏர்ப்போர்ட்ஸ்', அதாவது விமான நிலையத்துக்கான இசை, வந்தது. கவனித்துக் கேட்டாலும் சரி, கவனிக்காமல் விட்டாலும் சரி, இரண்டுக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய லட்சியம்.

நெல்லியாளத்தில் ஆடி மழையில் படுத்துக்கொண்டு இதைக் கேட்பதைவிடப் பொருத்தம் வேறென்ன இருக்க முடியும்? அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் நண்பர் குடும்பத்தோடு கூடலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் தனியாக இருந்தேன். வராந்தாவின் கம்பிக் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அன்றைக்கு எடுத்தது 1982-ல் ஈனோ வெளியிட்ட 'ஆன் லேண்ட்'. இடங்களைப் பற்றிய இசை அது. சதுப்பு நிலம், காற்று, கடற்கரை. சாதாரண வாத்தியங்களோடு, கல், குச்சி, சங்கிலித் துண்டு, தவளை, பூச்சி என்று கிடைத்த ஒலிகளையெல்லாம் சேர்த்திருக்கிறார். எட்டே பகுதிகள், முக்கால் மணி நேரம்.

இரண்டாவது பகுதியோ மூன்றாவதோ, நினைவில்லை. தொலைவில் சங்கிலி உரசுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. பிறகு மந்தமாக ஏதோ தட்டுகிற ஓசை. பிறகு, மூடுபனிக்கு அப்பாலிருந்து வருவதுபோல ஒரு குரல். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என்ன கற்பனை, எவ்வளவு அடக்கம் என்று வியந்தேன். பக்கத்தில் இருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதியும் வைத்தேன். அந்த வரி இன்னும் இருக்கிறது: "தூரத்தில் ஒரு குரல். கூப்பிடுகிறதா, அழுகிறதா தெரியவில்லை. அற்புதம்."

தட்டு முடிந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தவன், கம்பிக் கதவுக்கு வெளியே படியில் யாரோ குந்தியிருப்பதைப் பார்த்தேன். நண்பர் வீட்டுக்குப் பின்னால் சரிவில் இருக்கும் லைன் வீட்டு அம்மாள். எழுபது வயதை நெருங்குகிறவர். தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் கோபிக்கவில்லை. "தூங்கிட்டீங்களோன்னு நெனச்சேன், சார். வளைவிலே ஆனை நிக்குது. பலாப்பழம் தின்னுக்கிட்டு. லைனுக்குப் போக முடியலை" என்றார்.

சங்கிலியை ஆட்டியது அவர். தட்டியது அவர். கூப்பிட்டது அவர்.

ஒன்றும் நடக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யானை தன் பலாப்பழத்தோடு இருந்தது. போன் செய்து அரை மணியில் ஜீப் வந்தது. ஆட்கள் பட்டாசு வெடித்தார்கள். அது காட்டுக்குள் போயிற்று. ஆனால் ஒன்றும் நடக்காதது யானையின் தயவு; என் யோக்கியதை அல்ல. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் மாலை மயங்கிய நேரத்தில் வளைவில் யானை நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்பது அங்கே ஒரு நாள் தங்கியவனுக்கும் தெரியும்.

ஜீப் வருகிற வரையில் அவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். டீ போடட்டுமா என்றேன். "பிளேன்டீ போதும், சார்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் எங்கிருந்து வந்தவர் என்பது தெரிந்துவிட்டது. இலங்கையிலிருந்து வந்தவர்கள் அந்தப் பகுதியில் நிறையப் பேர். 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இலங்கையின் மலைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும். மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-ல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியது. பின்னால் அதுவே 'டான்டீ' ஆயிற்று. இந்த அம்மாள் கல்யாணமாகாத பெண்ணாக ராமேசுவரத்தில் கப்பலை விட்டு இறங்கியவர். பத்தாண்டு முன்னால் வந்திருந்தால் தனுஷ்கோடியில் இறங்கியிருப்பார். அந்த ஊரை 1964 டிசம்பர்ப் புயல் கொண்டுபோய்விட்டது.

"காதிலே என்ன சார் மாட்டியிருந்தீங்க?" என்று கேட்டார். வெட்கத்தோடு சொன்னேன். "கேக்கலாமா?" என்றார். மாட்டிவிட்டேன். இரண்டு மூன்று நிமிஷம் மரியாதையாகக் கேட்டார். பிறகு கழற்றிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. யாரோ வரப்போற மாதிரியே இருக்கு. ஆனா வரலை."

எத்தனையோ பேர் இந்த இசையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது அதனால் அல்ல. அவர் வந்து நின்றிருந்தபோது, யாரோ வரப்போகிறார்கள் என்ற அந்த உணர்ச்சியை நான் உள்ளே அனுபவித்துக்கொண்டிருந்தேன் என்பதால்.

அப்புறம் அவராகவே பேசினார். இலங்கைத் தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் பிரட்டுக்குத் தப்பு அடிப்பார்களாம். "அந்தச் சத்தத்துக்கு எந்திரிக்காம இருக்க முடியுமா, சார்? வேலைக்கு அடிக்கிறது ஒரு மாதிரி, சாமிக்கு அடிக்கிறது ஒரு மாதிரி, சாவுக்கு அடிக்கிறது ஒரு மாதிரி. தூக்கத்திலேயே தெரிஞ்சிரும், எதுக்குக் கூப்பிடுறாங்கன்னு."

அவர் போன பிறகு நான் ஹெட்போனைத் தொடவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன்.

உலகத்தில் உள்ள ஓசைகளை இரண்டாகப் பிரித்துவிடலாம் என்று தோன்றியது. ஒன்று நம்மை அழைக்கிற ஓசை. தப்பு, கோயில் மணி, குழந்தையின் அழுகை, ஆபீஸ் போன். மற்றொன்று யாரையும் அழைக்காத ஓசை. மழை, காற்று, அருவி. ஈனோவின் இசை அந்த இரண்டாவது இனத்தில் சேர முயல்கிறது. அதுதான் அதன் கருணை. காலையில் கண் விழித்தது முதல் ராத்திரி படுக்கிற வரை நம்மை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாங்கு என்கிறார்கள், வா என்கிறார்கள், ஓட்டுப் போடு என்கிறார்கள். எங்கள் தெருவில் மார்கழி மாதம் பகவானே ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிடுகிறார். இத்தனைக்கும் நடுவில், "நீ எனக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இரு" என்று சொல்லுகிற ஓர் ஓசை கிடைத்தால் அதில் மனசு சாய்வது இயல்புதானே? வலியோடு படுக்கையில் கிடந்த ஒரு மனிதனிடத்தில் அது பிறந்ததும் பொருத்தம்தான்.

நம்முடைய தம்புராவும் இந்தக் காரியத்தைத்தான் செய்கிறது. கச்சேரியில் யார் தம்புராவைக் கேட்கிறார்கள்? ஆனால் அது நின்றுவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நாலு தந்திகள், வேறொன்றுமில்லை. பாட்டுக்குத் தரையாக அது விரிந்து கிடக்கிறது. தம்புராவின் ஒலியில் லயித்த நமக்குச் சூழல் இசை அந்நியமே அல்ல.

எனவே கேள்வி இசையைப் பற்றியது அல்ல. கேட்கிறவனைப் பற்றியது. அழைக்காத ஓசையில் பழகிப் பழகி, அழைக்கிற ஓசையையும் அதே காதால் கேட்கத் தொடங்கிவிட்டால் என்ன ஆகும்?

"இதற்குப் போய் இவ்வளவு விசாரமா? லயித்துப் போனால் கதவு தட்டுவது கேட்காதுதான். நல்ல நாவல் படிக்கிறவனுக்குக்கூடக் கேட்காதே" என்று நண்பர் திரும்பி வந்து சமாதானம் சொன்னார். உண்மைதான். இந்தக் குற்றத்துக்கு நம் நாட்டில் புகழ்பெற்ற முன்மாதிரி ஒன்று இருக்கிறது. துஷ்யந்தன் நினைவில் தன்னை மறந்து உட்கார்ந்திருந்த சகுந்தலைக்கு, வாசலில் வந்து குரல் கொடுத்த துர்வாசரின் அழைப்புக் கேட்கவில்லை. முனிவர் சாபம் கொடுத்தார். காளிதாசனைப் படிக்கிற எவரும் அந்த இடத்தில் முனிவர் கட்சி அல்ல, பெண் கட்சிதான். லயிப்பு ஒரு குற்றமா என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் நான் சகுந்தலையின் நிழலில் ஒதுங்க முடியாது. அவளுக்குக் காது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. சங்கிலி கேட்டது, கை தட்டியது கேட்டது, குரல் கேட்டது. கேட்டு, ரசித்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வைத்தேன். கூப்பிடுகிறதா அழுகிறதா என்ற சந்தேகம்கூட வந்தது. சந்தேகம் வந்தவன் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. ஏனென்றால் அந்தச் சந்தேகமே சுகமாக இருந்தது.

எழுதுகிறவனுக்கு இது பழைய நோய் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஹெட்போன் வருவதற்கு முன்பே எங்களுக்கு இது உண்டு. பக்கத்து வீட்டில் சண்டை நடந்தால் மற்றவர்கள் விலக்கிவிட ஓடுவார்கள். நாங்கள் வசனத்தைக் கவனித்துக்கொண்டு நிற்போம். பஸ் நிலையத்தில் ஒருத்தி அழுதால் அது எந்தக் கதையில் பொருந்தும் என்று மனசு கணக்குப் போடும். அடுத்தவர் துக்கத்தை அவருடைய துக்கமாகக் கேட்காமல், நம்முடைய மனநிலைக்கு ஒரு சுருதியாகக் கேட்கிற குணம் அது. மழையும் மூடுபனியும் தேயிலைச் சரிவும் எனக்கு ஒரு சூழல். அந்த மழையிலேயே சாக்கைப் போர்த்திக்கொண்டு கொழுந்து எடுக்கிறவருக்கு அது அன்றாடக் கூலி. அவரையும் சேர்த்துச் சூழலாக்கிவிட்டேன் என்பதுதான் என் மேல் உள்ள குற்றச்சாட்டு. 1964-ல் இரண்டு தேசங்கள் உட்கார்ந்து லட்சக் கணக்கில் பங்கு போட்டபோதும், அவர் குரலைத் தனிக் குரலாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எழுந்திருக்க வேண்டும் என்று எல்லா இசையும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. 1920-ல் பாரிஸில் எரிக் சாட்டி என்ற சங்கீத வித்வான் ஒரு வேடிக்கை செய்தார். நாற்காலி மேஜையைப்போல இருக்கிற இசை என்று சொல்லி, நாடகத்தின் இடைவேளையில் வாசிக்க ஏற்பாடு செய்தார். யாரும் இதைக் கவனிக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. வாத்தியம் ஒலித்ததும், எழுந்து நடமாடிக்கொண்டிருந்த ஜனங்கள் திரும்பி வந்து மரியாதையாக உட்கார்ந்துவிட்டார்கள். சாட்டி பதறிப்போய், "பேசுங்கள், நடங்கள், கேட்காதீர்கள்!" என்று அங்குமிங்கும் ஓடினாராம். அன்றைய ஜனங்களுக்குக் கேட்காமலிருப்பது கஷ்டமாக இருந்தது. நமக்கு அது சுலபமாகிவிட்டது. கடையிலும் லிப்டிலும் ஓயாமல் ஒலிக்கிற இசை நம்மை நன்றாகப் பழக்கிவிட்டது.

பையனின் பட்டியலில் மீதி இருந்தவற்றையும் அடுத்த நாட்களில் கேட்டேன். ஐஸ்லாந்துக்காரர்களான சிகுர் ரோஸ் குழுவின் 2002-ஆம் ஆண்டுத் தொகுப்புக்குப் பெயரே கிடையாது. இரண்டு அடைப்புக் குறிகள் மட்டும். பாடுகிறவர் எந்தப் பாஷையிலும் இல்லாத அசைகளைப் பாடுகிறார். கூடவே வருகிற புத்தகத்திலும் வெற்றுத் தாள்கள். கேட்கிறவர் தனக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளலாம். அழகான யோசனைதான். எனக்கு அந்த வெற்றுத் தாளைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒரு வெற்றுத் தாளில் நான் என்ன எழுதினேன் என்பது எனக்குத்தான் தெரியுமே!

ஈனோவுக்கு நியாயம் செய்ய ஒரு விஷயம் சொல்ல வேண்டும். படுக்கையில் கிடந்த அவர் கண்டது மழையை மறைக்கிற இசை அல்ல. மழையோடு கலக்கிற இசை. அறைக்கு வெளியே நடப்பதெல்லாம் உள்ளே வர அது இடம் விட்டது. 'ஆன் லேண்டி'ன் கடைசிப் பகுதிக்கு 'டன்விச் கடற்கரை, 1960 இலையுதிர் காலம்' என்று பெயர். அவர் பிறந்த ஸஃபோக் பகுதியில் டன்விச் ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். பதிமூன்றாம் நூற்றாண்டு முதலே கடல் அதைத் தின்றுகொண்டு வந்தது. அந்த ஆண்டு ஈனோவுக்குப் பன்னிரண்டு வயது. போய்விட்ட ஓர் ஊரின் கரையில் நின்ற பையனின் காது அதில் இருக்கிறது. தப்புச் சத்தத்தைச் சொன்ன அம்மாளின் காதுக்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை. காதை இறுக்க மூடி, அந்த இசையைச் சுவராக்கிக்கொண்டது நான். அவர் அதை ஜன்னலாகத்தான் வைத்திருந்தார்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின மாலை, ஹெட்போனை எடுத்து வைத்துவிட்டு, சின்ன ஒலிபெருக்கியில் அதே தட்டை மெதுவாகப் போட்டேன். கதவைத் திறந்து வைத்தேன். மழை வந்து இசையில் பாதியைக் கொண்டுபோயிற்று. தவளைகளில் எது இங்கிலாந்துத் தவளை, எது நெல்லியாளத்துத் தவளை என்று தெரியவில்லை. அன்றைக்குத்தான் அதை முதல் தடவையாகக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும்.

மூன்று தடவை சங்கிலிச் சத்தம் கேட்டது. மூன்று தடவையும் எழுந்து வராந்தாவுக்குப் போனேன். மூன்று தடவையும் யாரும் இல்லை. ஒன்று காற்று, மற்றவை தட்டில் இருந்தவை. நாற்காலிக்குத் திரும்பியபோது இசை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் போனதற்காகக் காத்திருக்கவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. அழைக்காத ஓசைக்கு இது ஒரு பெரிய குணம். பாதியில் எழுந்து போனால் அதற்கு ஒரு குறையும் வராது. வாசலில் மழையில் நிற்கிறவர்களுக்கு அப்படி இல்லை.